45-ல் அரை ஓய்வு: ஆசை பாதி, அச்சம் பாதி

ஓ.எம்.ஆர். கேன்டீன்களிலும் தாம்பரம் மின்சார ரயிலிலும் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது அடிபடும் பேச்சு இது. வேலையை அடியோடு விடாமல் பாதியாகக் குறைத்துக்கொண்டு வாழ முடியுமா? கணக்கு என்ன சொல்கிறது? கம்பெனி என்ன சொல்கிறது? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. சென்னையை அடுத்த கோவளத்தில் நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. இரவு போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. வலையைப் பிரித்து நெத்திலியையும் காரப்பொடியையும் உதறுகிறார்கள். கூடையோடு காத்திருக்கும் பெண்கள் ஒரு படகுக்கு விலை பேசி முடிக்குமுன் அடுத்த படகு வந்து நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி நடக்கிறது. மணலில் போட்ட பலகைமேல் ஏழெட்டுப் பேர் குப்புறப் படுத்து, கையால் துடுப்புப் போட்டுப் பழகுகிறார்கள். பயிற்சியாளர் குரல் கொடுத்ததும் துள்ளி எழுந்து நிற்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் ஒரே தாவலில் எழுந்துவிடுகிறார்கள். நரை தட்டிய இரண்டு மூன்று பேர் முதலில் ஒரு முட்டியை ஊன்றி, அப்புறம் அடுத்ததை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்கள். பயிற்சியாளர் சிரிப்பதில்லை. இந்த வயதுக்காரர்கள் அவருக்குப் பழகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்று வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலையில் 45 வயதுக்காரருக்குக் கடலில் என்ன வேலை? இன்னும் இரண்டரை மணி நேரத்தில் கேளம்பாக்கம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுசேரி பக்கம் திரும்பும். சில மாதங்களுக்கு முன்புவரை இவர்களில் சிலரும் அதில் ஜன்னலோரம் கண்மூடிக்கொண்டு போனவர்களாக இருக்கலாம். இன்று விடுப்பில் வந்தவர்களும் இருப்பார்கள், பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களும் இருப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஊர் முழுக்கப் பொறாமையோடு பேசுவது இந்தக் கடைசி வகையினரைப் பற்றித்தான்.

ஏன் இப்போது?

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அதையொட்டி 22, 23 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று 45-க்கு மேல் ஆகிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ராஜீவ் காந்தி சாலையாக்கிய தலைமுறை இவர்கள். தாம்பரம், மேடவாக்கம், நாவலூர், படூர் என்று ஏரிக்கரை ஊர்களில் ஃபிளாட் வாங்கி, 20 ஆண்டு இ.எம்.ஐ. கட்டிக் கிட்டத்தட்ட முடித்தவர்களும் இவர்களே. ரயில்வேயிலும் வங்கியிலும் இருந்த அப்பாக்களுக்கு ஓய்வு நாளில் மாலை போட்டு, தாம்பாளத்தில் வாட்ச் வைத்துக் கொடுத்து அனுப்பியதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு வழியனுப்பு விழாவைப் பார்த்தவர்கள் அரிது. ஐ.டி. தலைமுறைக்கு நடுவயது என்பதே இதுதான் முதல் தடவை. வழிகாட்ட மூத்தவர் இல்லை.

இதன்மேல் மூன்று விஷயங்கள் வந்து சேர்ந்தன. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, சொந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்டு அந்த ருசி பழகியபின் ‘எல்லாரும் ஆபீஸுக்கு வாங்க’ என்று அழைப்பு வந்தது. அடுத்தது, பெரியவர்கள் வாய் திறந்தது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற அவருடைய கேள்வி மீம்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு மாதத் தீனி ஆனது.

மூன்றாவதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அடி விழுந்தது பெரும்பாலும் நடு, மேல் அடுக்குகளில். அந்த நிறுவனத்தின் பிரம்மாண்டமான வளாகம் ஒன்று சிறுசேரியில் இருக்கிறது. செய்தி வந்த வாரம் கேளம்பாக்கம் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

ஆகவே அரை ஓய்வு என்ற பேச்சை முழுக்க முழுக்க விடுதலை வேட்கை என்று நம்பிவிட வேண்டாம். ‘அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே கிளம்பிடலாம்’ என்ற கணக்கும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆசையால் கிளம்புகிறவருக்கும் பயத்தால் கிளம்புகிறவருக்கும் வழி ஒன்றல்ல. முதலாமவர் தேதியைத் தானே குறிக்கிறார். இரண்டாமவருக்குத் தேதியை வேறொருவர் குறிக்கிறார்.

■ கோவளத்தின் முதல் ‘அரை ஓய்வு’
*இந்தக் கடற்கரையில் ஆற்காடு நவாபின் ஆட்கள் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. இன்று ஐந்து நட்சத்திர விடுதி நிற்கும் இடம் அது. 1752-ல் கோட்டையைப் பிடித்தவர் ராபர்ட் கிளைவ். சேர்த்த பணம் போதும் என்று மறு ஆண்டே கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது 27. குடும்பக் கடனை அடைத்தார், ஆடம்பரமாக வாழ்ந்தார், நாடாளுமன்றத் தேர்தலில் நின்று பணத்தைக் கரைத்தார். வெற்றி செல்லாது என்றாகிவிட்டது. 1755-ல் மறுபடியும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கே இந்தியாவுக்குக் கிளம்பினார். அதன் விளைவை நாடே அனுபவித்தது என்பது வேறு கதை.*

முன்னே போனவர்கள்

நடுவயதில் கூட்டமாக வேலையை விட்டவர்கள் நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறார்கள். 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் (வி.ஆர்.எஸ்.) கொண்டுவந்தன. 40 வயது முடிந்திருந்தாலோ 15 ஆண்டு பணி இருந்தாலோ போதும். நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். மாம்பலத்திலும் குரோம்பேட்டையிலும் தெருவுக்கு ஒரு வி.ஆர்.எஸ். வீடு இருந்த காலம் அது. கையில் வந்த மொத்தத் தொகையை வைப்பில் போட்டு வட்டியில் வாழலாம் என்பதே அநேகரின் திட்டம். அப்போது வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2004-க்குள் 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாதம் 10,000 வந்த இடத்தில் 6,000 கூட வரவில்லை. வங்கி வேண்டாம், யூனிட் டிரஸ்ட்தான் பத்திரம் என்று யு.எஸ்.64 திட்டத்தில் போட்டவர்களுக்கு 2001 ஜூலையில் இடி விழுந்தது. பணம் திருப்பித் தருவதை யூனிட் டிரஸ்ட் திடீரென நிறுத்திவைத்தது.

அடுத்த அலை பி.எஸ்.என்.எல். 2019 நவம்பரில் வந்த திட்டத்தில் 50 வயதைத் தாண்டிய 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்பம் எழுதிக்கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் எல்லாரும் வெளியே வந்தார்கள். கிட்டத்தட்ட பாதி நிறுவனம் அன்று மாலையோடு வீட்டுக்குப் போனது. இனி ஊர் சுற்றலாம், கோயில் குளம் பார்க்கலாம் என்று திட்டமிட்டிருந்தவர்களுக்கு இரண்டு மாதம்கூடக் கிடைக்கவில்லை. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்துவிட்டது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரு பாக்கியம் இருந்தது. வங்கிக்காரர்களில் பலருக்கும் பி.எஸ்.என்.எல்.காரர்களுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. வட்டி சரிந்தாலும் உலை கொதித்தது. சிறுசேரிக்காரருக்கு அந்தத் தரை இல்லை. பி.எஃப். பிடித்தம் செய்கிறவர்களுக்கு இ.பி.எஸ். ஓய்வூதியம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உச்சவரம்புச் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருந்தால், 22 ஆண்டு உழைத்தாலும் அது மாதம் 5,000 ரூபாயைத் தொடாது. அதுவும் 58 வயதில். 50-லேயே வேண்டும் என்றால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு.

படூர் ஃபிளாட்டில் ஒரு கணக்கு

‘25 மடங்கு சேர்த்துட்டா போதும்’ என்ற வாசகத்தை இன்று கேன்டீனில் கேட்காதவர் இல்லை. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு பணம் இருந்தால், அதில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்து வாழலாம் என்ற விதி அது. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்த நாட்டுப் பங்குச்சந்தை, பத்திரங்களின் பழைய கணக்கை வைத்துச் சொன்னது. 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குச் சொன்னது. நம் விலைவாசி வேறு, நம் சந்தை வேறு. 46 வயதில் கிளம்புகிறவருக்கு 40 ஆண்டுக்கு மேல் பணம் தாங்க வேண்டும். யூடியூபில் இந்த விதியைத் தாரக மந்திரமாகச் சொல்கிறவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படூரில் சொந்த ஃபிளாட், கடன் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயது 46. வீட்டுச் செலவு மாதம் 80,000 ரூபாய். பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், வைப்பு எல்லாம் சேர்த்துக் கையில் ஒன்றரைக் கோடி. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும், முதலீடு 9 சதவீதம் வளரும்.

இன்றே முழு ஓய்வு எடுத்தால், இந்த ஒன்றரைக் கோடி சுமார் 21 ஆண்டில் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு வயது 67. கையில் ஒரு ரூபாய் இல்லை.

அவரே பாதி வேலைக்குப் போய், வீட்டுச் செலவு முழுவதையும் சம்பாதித்துவிடுகிறார், சேர்த்த பணத்தில் கைவைக்கவே இல்லை என்று வையுங்கள். 58 வயதில் ஒன்றரைக் கோடி நாலேகால் கோடியை நெருங்கும். அதற்குள் மாதச் செலவும் 1,60,000 ஆகியிருக்கும். ஆக, கையில் இருப்பது கிட்டத்தட்ட 22 ஆண்டுச் செலவு. அதன்பிறகு 7 சதவீதம் மட்டுமே வட்டி கிடைத்தாலும் 83 வயது வரை ஓடும். கையைக் கடிக்காது.

இப்போது மூன்றாவது ஆளைப் பார்ப்போம். இவரும் பாதி வேலைதான் பார்க்கிறார். ஆனால் மாதம் 45,000 மட்டும் வருகிறது. துண்டு விழும் 35,000-ஐ முதலீட்டிலிருந்து எடுக்கிறார். விலைவாசி ஏற ஏற அந்தத் துண்டும் பெரிதாகிறது. 58 வயதில் கையில் மூன்று கோடி இருக்கும். கேட்கும்போது பெரிய தொகைதான். செலவோடு வைத்துப் பார்த்தால் 16 ஆண்டுக்குக்கூட வராது. அதே 7 சதவீத வட்டியில் 75 வயதோடு முடிந்துவிடும். இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் இன்றைய வித்தியாசம் மாதம் 35,000 ரூபாய். முடிவில் எட்டு ஆண்டு.

பாதி வேலை பாதிச் சம்பளம் தந்தால் போதாது, முழுச் செலவையும் தாங்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் சாரம். 45 வயதில் ‘கன்சல்டிங் பண்ணிக்கலாம்’ என்று மொட்டையாகச் சொல்லிக்கொண்டு பேப்பர் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். முதல் வருடம் பழைய மேலாளர் வேலை கொடுப்பார். அவர் கம்பெனி மாறியதும் அந்தக் குழாய் நின்றுவிடும். இங்கே செலவு நிற்பதில்லை. கோடையில் ஓ.எம்.ஆர். குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்குமே மாதப் பராமரிப்புத் தொகை எப்படி எகிறுகிறது என்று அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கவே இல்லை. 45 வயது அப்பாவுக்குப் பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும். அந்தத் தொகையை ஒன்றரைக் கோடிக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பிறகே மேற்படி கணக்கு செல்லுபடியாகும்.

■ பேப்பர் போடுவதற்கு முன் தெரிய வேண்டியவை
*மருத்துவக் காப்பீடு: கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம்போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குத் தனிநபர் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனி பாலிசி எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துவிடுவது நல்லது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுவிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.*
*கிராஜுவிட்டி: ஐந்து ஆண்டு முடித்த நிரந்தர ஊழியர்களுக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சட்டம் வரையறுக்கும் 15 நாள் ஊதியம். 20 லட்சம் ரூபாய் வரை வரியில்லை.*
*மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: 60 வயதில்தான் சேரலாம். முறையாக ஓய்வு பெற்றவர்கள், வி.ஆர்.எஸ். வாங்கியவர்கள் 55-லும் சேரலாம். 45-ல் கிளம்புகிறவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது.*
*ஃப்ரீலான்ஸ் வருமானம்: சேவைக் கட்டணமாக ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம்.*
*கடன்: சம்பளச் சீட்டு நின்றபின், இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டாமல் வங்கியில் கடன் வாங்குவது சிரமம். வீட்டை மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.*

கையில் மொத்தமாகப் பணம் வரும் வாரம்தான் ஆபத்தான வாரம். உறவினர், பழைய நண்பர், கோயிலில் பார்த்தவர் என்று யாராவது ஒருவர் ‘ஒரு நல்ல ஸ்கீம் இருக்கு’ என்று வருவார். மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா விவகாரத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-ல் வழக்குப் போட்டது. மாதம் 30 சதவீதம் கொடுக்க எந்தத் தொழிலிலும் முடியாது என்பது கூட்டல் பெருக்கல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மாதச் சம்பளம் நின்ற பயத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டத்தில் பாதிக்கு இடமில்லை

நெதர்லாந்தில் 2000-ல் வந்த ஒரு சட்டம், வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கும் உரிமையை ஊழியருக்குக் கொடுத்தது. தொழிலுக்குக் கடுமையான பாதிப்பு என்று காட்டினாலொழிய முதலாளி மறுக்க முடியாது. வாரத்துக்கு நாலு நாள் வேலை பார்க்கும் அப்பாவை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் 55 வயதைத் தாண்டியவர்கள் பாதி நேர வேலைக்கு மாறி மெல்ல ஓய்வுக்குள் நுழைய 1996-லேயே தனிச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள், சம்பளத்தைக் குறைக்காமல் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று ஆறு மாதம் சோதித்துப் பார்த்தன. முடிவில் 56 நிறுவனங்கள் அதையே தொடர்ந்தன.

நம் ஊரில்? மத்திய அரசு ஊழியர் 20 ஆண்டு பணி முடித்து மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால் விருப்ப ஓய்வு. முழுசாக வா அல்லது முழுசாகப் போ. ஐ.டி. நிறுவனத்திலும் அதே கதை. ‘எனக்கு 60 சதவீதச் சம்பளம் போதும், மூன்று நாள் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்க மனிதவளத் துறையில் படிவமே இருக்காது. கேட்டால் ‘இவருக்கு ஆர்வம் போய்விட்டது’ என்று அப்ரைசலில் ஏறிவிடும் என்ற பயம் வேறு. வேலையில் இருந்துகொண்டே வெளியே பாதி வேலையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றால், 2022-ல் விப்ரோ அப்படிப்பட்ட 300 பேரை வீட்டுக்கு அனுப்பியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

வேலை நேரத்தை நெகிழ்த்துவது என்ற பேச்சு இங்கே எழும்போதெல்லாம் அது கூடுதல் நேரத்தில்தான் போய் முடிகிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கூட்டவே கூடாது என்று போராடி நிறுத்தினோம், நல்லது. குறைத்துக் கேட்கும் உரிமைக்காக இதுவரை யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

முதலாளிகளுக்கு மட்டும் இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. கூடுவாஞ்சேரி அருகே பெரிய வளாகம் வைத்திருக்கும் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்குக் குடிபோனார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு ஆராய்ச்சிப் பொறுப்புக்கு மாறினார். நடிகர் அஜித்குமாரும் அப்படித்தான். கார் பந்தய சீசனில் படம் இல்லை என்று அறிவித்துவிட்டு, 53 வயதில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கினார். அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. தன் நாட்காட்டியைத் தானே எழுதும் வசதி இருப்பவர்கள் இவர்கள். டெலிவரி மேனேஜருக்கு நாட்காட்டியை அமெரிக்க வாடிக்கையாளர் எழுதுகிறார்.

வீட்டில் யாருக்கு ஓய்வு?

அரை ஓய்வு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். அதாவது கணவர் ஆபீஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் மனைவி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வீட்டுக்காக உழைக்கிறாள்.

இந்த வீட்டில் 46 வயதுக் கணவர் திடீரென்று வாரத்துக்கு நாலு நாள் ஹாலில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பதினொரு மணிக்கு ஒரு டீ. மதியத்துக்குச் சூடாக ரசம். ‘இந்த ஃப்ரிட்ஜை ஏன் இப்படி அடுக்கி வச்சிருக்கே?’ என்று ஒரு நிர்வாக ஆலோசனை. அவருக்குக் கிடைத்த நேரம் அவள் நேரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். அவளும் வேலைக்குப் போகிறவள் என்றால் இன்னும் சிக்கல். குடும்பக் காப்பீடும் இ.எம்.ஐ. மிச்சமும் அவள் தலையில் ஏறும். ‘நான் எப்போ பாதி ஓய்வு எடுக்கிறது?’ என்று அவள் ஒரு நாள் கேட்பாள். நியாயமான கேள்வி. பதிலைத் தயார்செய்துகொண்டு பேப்பர் போடுவது நல்லது. என்னைக் கேட்டால், காலை டிபனும் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதும் தன் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடாத எந்தக் கணவருக்கும் அரை ஓய்வு கொடுக்கக் கூடாது.

அப்புறம் அக்கம்பக்கம். ‘சார் இப்போ வீட்லதான் இருக்காரா?’ என்று லிஃப்டில் கேட்பார்கள். ஊரில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். ‘வேலை போயிடுச்சாடா, மறைக்காம சொல்லு’ என்று நாலு தடவை போன் வரும். மகளுக்கு வரன் பார்க்கும் கட்டம் வந்துவிட்டால், ‘பொண்ணோட அப்பா என்ன பண்றார்?’ என்ற கேள்விக்கு ‘வாரம் மூணு நாள் கன்சல்டிங்’ என்ற பதில் தரகரின் நோட்டில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. சிரிப்பாக இருக்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே பழைய ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் பற்றி ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கதை உலவுகிறது.

கிடைத்த நேரத்தில் என்ன?

நேரம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பது இயல்பு. 21,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் நேரக் கணக்கை வைத்து 2021-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும்வரை மனநிறைவு ஏறுகிறது. அதன்பின் ஏறுவதில்லை. ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் இறங்கத் தொடங்குகிறது. உருப்படியாக ஏதாவது செய்கிறவர்களுக்கு அந்த இறக்கம் அவ்வளவாக இல்லை.

கோவளத்திலேயே இதற்கு ஓர் ஆள் இருக்கிறார். மூர்த்தி மேகவன் இந்த ஊர் மீனவர். கடலில் அலைச்சறுக்கைத் தானாகக் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து இங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அலைச்சறுக்குத் திருவிழா வந்தது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து பலகை ஏறினார். 2021-ல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. மேகவன் வேலையைக் குறைக்கவில்லை, மாற்றிக்கொண்டார். இன்று அந்தப் பள்ளியில் காசு கட்டிக் குப்புற விழும் மேலாளர்களுக்கு ஓய்வு என்பது என்னவோ, அதுதான் ஊர்ப் பையன்களுக்குச் சம்பளம். பக்கத்துப் படகில் வலை உதறும் 60 வயதுக்காரருக்கு இரண்டுமே இல்லை. அவருக்குப் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முட்டி விடும் நாள்தான் ஓய்வு. நடுவயதில் ஓய்வை விலைகொடுத்து வாங்கலாமா என்று யோசிக்க முடிவதே ஒரு சொத்து என்பதை மறந்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

எழுத்தாளர் அசோகமித்திரன் 1966-ல், 35 வயதில், ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார். எழுதுவதற்காக விட்டார். பணக்கஷ்டம் அவரை விடவில்லை, அவரும் எழுத்தை விடவில்லை. எதற்காக விடுகிறோம் என்ற பதில் முன்னமே இருந்தால் கஷ்டத்தைத் தாங்கலாம். ‘முதல்ல விட்டுட்டு அப்புறம் யோசிக்கலாம்’ என்றால் மூன்றாவது மாதம் கைபேசிதான் முழுநேர வேலை ஆகிவிடும்.

எங்கள் தீர்ப்பு

அரை ஓய்வு கனவல்ல, நடக்கக்கூடியதுதான். ஆனால் நாலு விஷயம் சரியாக இருக்க வேண்டும். கடன் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புப் பணம் தனியாக இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் மருத்துவக் காப்பீடு மூன்று ஆண்டாவது ஓடியிருக்க வேண்டும். பாதி வேலை கையில் வந்து, அதன் வருமானத்தில் ஆறு மாதம் வீடு ஓடிக் காட்டியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போதே, இனி வரப்போகும் பாதி வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். நாலாவது மாதம் கிரெடிட் கார்டைத் தேடினால் பதில் தெரிந்துவிடும்.

நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை. 20 ஆண்டு அனுபவம் உள்ளவரை ஒரே நாளில் வெளியே அனுப்பி, அதே வேலைக்கு ஒப்பந்தக்காரரை அதிகக் கட்டணத்துக்கு எடுப்பதைவிட, வாரம் மூன்று நாள் அவரையே வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் லாபம். பி.எஃப்., காப்பீடு, கிராஜுவிட்டி தொடர, விகிதப்படி சம்பளத்தோடு வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கும் உரிமையை ஐ.டி. துறையிலிருந்தாவது தமிழக அரசு தொடங்கிவைக்கலாம். ஐ.டி. ஊழியர் சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதை முதல் வரியாக எழுதட்டும். அதுவரை, 45 வயது வாசகரே, மாற்று வேலை உறுதியாகும் முன் பேப்பர் போடாதீர்கள்.